பிடிவாதம் என்று எழுதினேன்

என் மகள் ஜெனிஷாவின் காதுக்குப் பின்னால், எலும்பைக் குடைந்து, மூன்றரை வயதில் ஒரு கருவியை வைத்தார்கள். நாலரை வயதில் அதைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். நடுவில் இருந்த ஒரு வருடத்தில் அவளைப் பேசவைக்க நான் என்னென்ன செய்தேன் என்பதை நாள் தவறாமல் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பச்சை அட்டை போட்ட நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் பேச்சுப் பயிற்சி மிஸ் ஒட்டிய நட்சத்திரங்கள். நான் நல்ல அம்மா என்பதற்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் என்னிடம் கிடையாது. உங்களில் யாருக்காவது அப்படி ஒரு சான்றிதழுக்கு ஆசை இருந்தால், இதைக் கடைசிவரை படித்துவிட்டு ஆசைப்படுங்கள்.

எங்கள் வீடு மயிலாடியில். பக்கத்து மனையில் சிலை செய்கிற பட்டறை. காலையில் கல் அறுக்கிற மெஷின் ஓடத் தொடங்கினால் வீட்டுக்குள் போன் பேச முடியாது. அந்த இரைச்சலில் ஜெனி தொட்டிலில் அசையாமல் தூங்குவாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம், "தங்கமான பிள்ள, ஒரு தொந்தரவு உண்டா?" என்று மெச்சினார்கள். எனக்கும் பெருமைதான். ஒன்றே முக்கால் வயதுவரை அந்தப் பெருமையிலேயே காலம் ஓடியது.

ஒருநாள் லாரியில் இருந்து இறக்கும்போது ஒரு பெரிய கல் நழுவி விழுந்தது. தெருவே வெளியே ஓடி வந்தது. நானும் கரண்டியோடு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் ஜெனி வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டப்பா மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவள் பின்னால் நின்று ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டேன். எடுத்து மறுபடியும் போட்டேன். ஏழெட்டு முறை போட்டிருப்பேன். கடைசியில் தட்டு உருண்டு அவள் கால் பக்கம் போனது. அவள் அதை எடுத்து, சிரித்துக்கொண்டே என்னிடம் நீட்டினாள்.

நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். பெரா என்று ஒரு டெஸ்ட். பிள்ளைக்குத் தூக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர்களை ஒட்டுவார்கள். காதுக்குள் டிக் டிக் என்று சத்தம் அனுப்புவார்கள். சத்தம் மூளைக்குப் போய்ச் சேர்ந்தால் கம்ப்யூட்டரில் அலை எழும்பும். ஜெனிக்குக் கோடு நேராகவே ஓடியது. சத்தத்தைக் கூட்டக் கூட்ட, டெஸ்ட் எடுத்த பெண்ணின் முகம்தான் மாறியதே தவிர கோடு மாறவில்லை. இரண்டு காதும் கேட்காது என்று டாக்டர் ஒரே வரியில் சொல்லிவிட்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிட மணியை அடித்தார்.

என் கணவர் ராஜன் கத்தாரில் ஏ.சி. மெக்கானிக். வீடியோ காலில் வந்து அழுதார். அழுது முடித்துவிட்டு, "நீ பி.எட். படிச்சவளாக்கும். நீ நினைச்சா அவளப் பேச வச்சிருவ" என்றார். பிரியத்தில் சொன்னதுதான். ஆனால் அன்றைக்கே என் கழுத்தில் ஒரு கயிறு விழுந்தது. அவருடைய அக்கா எங்களோடு இருக்கிறார். நான் மைனி என்று கூப்பிடுவேன். மைனி கேட்டது ஒன்றுதான். "எங்க கூட்டத்துல இப்பிடி ஒண்ணு கெடையாதே. உனக்க பக்கம் யாருக்காவது உண்டுமாட்டி?"

காக்ளியர் இம்ப்ளாண்ட் ஆபரேஷன் அரசாங்கக் காப்பீட்டில் நடந்தது. உள்ளே ஒரு கருவி, அதிலிருந்து நத்தைக்கூடு போன்ற உள்காதுக்குள் போகும் ஒரு மெல்லிய கம்பி. வெளியே காதில் மாட்டுகிற மெஷின். இரண்டையும் சேர்ப்பது காயில் என்கிற ஒரு வட்டத் துண்டு. அதில் இருக்கும் காந்தம், தோலுக்கு அடியில் இருக்கும் காந்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். காயில் ஒட்டியிருந்தால் பிள்ளைக்குக் கேட்கும். விழுந்துவிட்டால் பழையபடி ஒன்றுமில்லை.

கருவி வைத்துவிட்டால் மட்டும் பேச்சு வந்துவிடாது. வாரம் இரண்டு நாள் அம்மாவும் பிள்ளையும் பயிற்சிக்குப் போக வேண்டும். பிள்ளைகளுக்கான குட்டி நாற்காலியில் அம்மாமார் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருப்போம். அங்கே இரண்டு விதிகள். பேசும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்ள வேண்டும். உதட்டைப் பார்த்தே பிள்ளை புரிந்துகொண்டால் காது பழகாது. இரண்டாவது, பிள்ளை கையைக் காட்டிக் கேட்டால் உடனே கொடுக்கக்கூடாது. ஏதாவது சத்தம் போட்டுக் கேட்டால் கொடுக்கலாம். தினமும் அரை மணி நேரம், விளையாட்டாகச் செய்யுங்கள் என்றார் மிஸ். அந்த அரை மணி நேரத்தையும் விளையாட்டையும் நான் காதில் வாங்கவே இல்லை. எங்கள் மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். ஐந்து மார்க் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதி, அடிஷனல் ஷீட் வாங்கினால்தான் எங்களுக்கு நிம்மதி.

விடிந்ததிலிருந்து ஜெனி தூங்கும்வரை என் கை என் வாயில்தான் இருந்தது. பால் வேண்டுமா, சத்தம் போடு. பொம்மை வேண்டுமா, சத்தம் போடு. தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினால் நான் திரும்பி நின்றுகொள்வேன். ஒரு மத்தியானம் அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாள். அவள் "ம்" என்று முனகிய பிறகுதான் தண்ணீர் ஊற்றினேன். அன்றைய பக்கத்துக்கு இரண்டு நட்சத்திரம் கிடைத்தது. ஒரு மணி நேரம் என்பதை மட்டும் நான் நோட்டில் எழுதவில்லை.

பயிற்சிக்குத் தேங்காய்ப்பட்டணத்தில் இருந்து மேரி வருவாள். கணவன் கடலுக்குப் போகிறவர். மகன் ஆல்பினுக்கு இரண்டரை வயது, ஆபரேஷனுக்குக் காத்திருந்தான். அவன் கையை நீட்டுவதற்குள் பிஸ்கெட்டைக் கொடுத்துவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இப்பிடி இரக்கப்பட்டியானா உனக்க பிள்ள கடைசிவரை ஊமையாத்தான் நிப்பான்" என்றேன் ஒருநாள்.

"வெள்ளம் கேக்கும்போ எப்பிடி அக்கா இல்லன்னு சொல்லது?"

"தாகம் எடுக்கட்டு. தாகம் எடுத்தாத் தன்னால சத்தம் வரும்."

அவள் என்னை மரியாதையோடு பார்த்தாள். என் நோட்டை வாங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டாள். கை நீட்டினால் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துவிடு என்று நான்தான் செய்து காட்டிக் கொடுத்தேன்.

எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி ஆண்டு விழா வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் மேடை ஏறி மனப்பாட வசனம் சொல்ல வேண்டும். பேச்சு சரியாக வராத சின்னஞ்சிறுசுகூட ஏறி ஒரு சொல்லாவது சொல்லிவிட்டு இறங்கும். ஜெனியின் பெயரையும் கொடுத்தேன். மைனி, "செவிட்டுப் பிள்ளைய மேடையில ஏத்தி ஊருக்குக் காட்டணுமா?" என்று கேட்டார். அதோடு அந்த விழா எனக்கு விழாவாக இல்லாமல் பரீட்சையாகிவிட்டது. ஜெனி சொல்ல வேண்டியது ஒரே சொல், ஆமென். மற்ற பிள்ளைகள் வசனம் சொல்லி முடித்ததும் அவள் அதைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஓடும்போதும் குனியும்போதும் காயில் விழுந்துகொண்டே இருந்தது. மிஸ்ஸிடம் கெஞ்சி, இன்னும் பலமான காந்தம் வாங்கி மாட்டினேன். தினமும் கழற்றி, அடியில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன், முதல் இரண்டு வாரம். விழா வாரத்தில் கழற்றினால் மறுபடி மாட்ட அவளோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அதனால் புதன்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்து, காயிலின் மேலேயே இறுக்கிப் பின்னி, அதற்கும் மேலே ஒரு ஹேர்பேண்டைப் போட்டுவிட்டேன். ஞாயிறுவரை அவிழ்க்கவில்லை. இரவிலும் கழற்றவில்லை.

வெள்ளிக்கிழமை மைனி அடுக்களையில் வந்து நின்றார். "பிள்ள தலையத் தொட்டுத் தொட்டுக் காட்டுகா. என்னாண்ணு அவுத்துப் பாருட்டி."

"மைனி, நீங்க எடையில வராதீங்க. கையக் காட்டுனா நாம பாக்கப்பிடாது. அதான் டிரெய்னிங்."

மைனி கிளாசுக்கு வராதவர். அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெனிக்கு உடம்பு சுட்டது. மேடை பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரோஸ் நிற கவுனில் கடைசியாக நின்றாள். நான் கீழே முதல் வரிசையில், வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். "ஆமே" என்றாள். மைக்கில் அந்தக் குரல் கோயில் முழுக்கக் கேட்டது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ராஜன் வீடியோவில் பார்த்துத் தேம்பினார். ஜெனி மட்டும் நிறுத்தவில்லை. ஒரு கையால் தலையைத் தட்டிக்கொண்டு, "ஆமே, ஆமே, ஆமே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சத்தம் போட்டுக் கேட்டால் அம்மா தருவாள் என்று நான்தானே பழக்கியிருந்தேன். அவள் கேட்டாள். கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது.

அன்று சாயங்காலமே காய்ச்சல் ஏறி, கண் சொருகி, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பின்னலை அவிழ்க்க முடியவில்லை. முடி எதிலோ ஒட்டிக் காய்ந்திருந்தது. சிஸ்டர் கத்தரியால் வெட்டி எடுத்தார். காயில் வந்தபோது அதோடு தோலும் வந்தது. ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் புண். அதன் நடுவில், வெளியே தெரியக்கூடாத கருவி வெள்ளையாகத் தெரிந்தது.

"எப்போ இருந்து வலின்னு சொன்னா?" என்று டாக்டர் கேட்டார்.

பையில் இருந்த நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் நின்றுகொண்டே படித்தார். வியாழன்: காயிலைப் பிடுங்கப் பார்த்தாள். தலையைத் தட்டிக் காட்டினாள். கண்டுகொள்ளவில்லை. பிடிவாதம். வெள்ளி: சோறு தள்ளிவிட்டாள். சுவரில் தலையைச் சாய்த்தே இருந்தாள். பிடிவாதம். சனி: இரண்டு கையையும் மடியில் பிடித்துவைத்துப் பயிற்சி. ஆமென் நல்ல தெளிவு. அவர் நோட்டை மூடித் திருப்பித் தந்தார். "நீங்க டீச்சரா?" என்று மட்டும் கேட்டார்.

பன்னிரண்டு நாள் கிடந்தோம். வலது கையில் டிரிப்ஸ் ஊசி. அசைக்காமல் இருக்க அட்டை வைத்துக் கட்டிவிட்டார்கள். ஜெனிக்கு மிச்சம் ஒரு கைதான். அந்த ஒரு கையால் வலி என்றாள், வேண்டாம் என்றாள், வீடு என்றாள். என்னிடம் இல்லை, மைனியிடம். நான் கட்டில் பக்கம் போனால் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொள்வாள். பலமான மருந்தை ஊசியில் ஏற்றும்போது நரம்பு எரியும். அப்போதெல்லாம் அவள் என்னைப் பார்த்து, "ஆமே, ஆமே" என்று அலறுவாள். புதிதாக டூட்டிக்கு வந்த சிஸ்டர், "இந்த வயசுல என்னா பக்தி!" என்று வியந்தார்.

மைனி தினமும் மயிலாடியில் இருந்து பஸ் ஏறி, தூக்குவாளியில் கஞ்சியும் பயறும் கொண்டு வருவார். எனக்கு ஊற்றித் தருவார், தின்னும்வரை நிற்பார். "தின்னு. நீ செத்தா இதுக்கு வேற ஒருத்தி கெடைப்பாளா" என்பார். அந்தப் பன்னிரண்டு நாளில் எனக்குக் கிடைத்த அன்பு வார்த்தை அதுதான்.

காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. கருவியின் மேல் கிருமிகள் வழுவழுப்பாக ஒரு படலம் கட்டிக்கொள்ளுமாம். அதைத் தாண்டி மருந்து போகாதாம். விட்டால் மூளையைச் சுற்றியிருக்கும் உறைக்குப் போய்விடும். எடுத்துவிடுவதா என்று இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்றார்கள். அந்த இரண்டு நாளில் ஒரு நாள், வார்டு சிஸ்டர் என்னைப் பிடித்துத் தள்ளாத குறையாக மாடிக்கு அனுப்பினார். காது கேளாத பிள்ளைகளின் அம்மாமாருக்கு மனநலப் பயிற்சி நடக்கிறதாம். பிள்ளைக்கு உயிர் போய் வருகிறது, எனக்குப் பயிற்சியாம். இருந்தும் போனேன். கிளாஸ் என்றால் என் கால் தன்னால் போகும்.

நடத்தியவர் டெய்சி மேடம், மனநல ஆலோசகர். பத்துப் பன்னிரண்டு அம்மாமார் இருந்தோம். மேரியும் இருந்தாள். மேடம் முதலில் கேட்டது, "டெஸ்ட் ரிசல்ட் சொன்ன அன்னைக்கு நீங்க எங்க இருந்து அழுதீங்க?" ஒருத்தி பஸ்ஸில் என்றாள். ஒருத்தி குளிமுறியில் பைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு என்றாள். என் முறை வந்தது.

"நான் அழல்ல. அதுக்கு நேரமில்ல."

"அப்போ அது எங்க போச்சு?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்தவரிடம் போய்விட்டார்.

பிறகு இரண்டு இரண்டு பேராகப் பிரித்தார். ஒருத்தி பிள்ளை, ஒருத்தி அம்மா. பிள்ளையாக இருப்பவள் காதில் பஞ்சும் அதன்மேல் ஹெட்போனும். வாய் திறக்கக்கூடாது. அவளிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுப்பார்கள். அதில் இருப்பதைக் கையால் கேட்க வேண்டும். அம்மா வழக்கமாக வீட்டில் எப்படியோ அப்படியே நடந்துகொள்ள வேண்டும். நான் பிள்ளை. மேரி அம்மா. என் சீட்டில், 'தோள் வலிக்கிறது' என்று இருந்தது.

தோளைத் தட்டிக் காட்டினேன். மேரி கையால் வாயை மறைத்துக்கொண்டு என்னவோ சொன்னாள். மறுபடி காட்டினேன். கைக்குப் பின்னால் அவள் கன்னம் அசைந்தது. என்ன சொல்கிறாள், சிரிக்கிறாளா, திட்டுகிறாளா, ஒன்றும் தெரியவில்லை. ஒரு முகத்தில் பாதியை எடுத்துவிட்டால் அது எவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். தட்டுவதை வேகமாக்கினேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்து மடியில் வைத்து அழுத்தினாள். இழுத்தேன். விடவில்லை. திமிறி ஒரு கையை விடுவித்து அவள் கன்னத்தில் அறைந்துவிட்டேன்.

அறை அமைதியாகிவிட்டது என்பது ஹெட்போனைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது. மேரி அழவில்லை. "நீங்க செய்து காட்டினதுதானே அக்கா?" என்றாள்.

நான் நோட்டை எடுத்து அந்த மூன்று நாளையும் சத்தமாக வாசித்தேன். யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. முடித்ததும் மேரி எழுந்தாள். "ரெண்டு மாசமா எனக்க பிள்ளைக்கிட்ட இதத்தான் செய்தேன். உங்கள நம்பி. இப்போ என்னக் கண்டா அவன் கதவுக்குப் பொறத்த போய் நிக்கான்." வெளியே போய்விட்டாள். அதன்பிறகு இன்றுவரை அவள் என்னிடம் பேசியதில்லை.

டெய்சி மேடம் என்னை ஆறுதல்படுத்தவில்லை. "நீங்க கெட்ட அம்மா இல்லன்னு நான் சொல்லணும்னு காத்திருக்கீங்களா? அது இன்னைக்கு வேண்டாம்" என்றார். பிறகு எல்லோர் பக்கமும் திரும்பிச் சொன்னார். "பயப்படக்கூடாதுன்னு சொல்லல்ல. அது பயம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியல்லன்னா, வீட்டுக்குப் போகதுக்குள்ள அது கண்டிப்புன்னு பேர மாத்திக்கிடும்." அந்தப் பயிற்சி எனக்கு ஒரு வருடம் முந்திக் கிடைத்திருக்க வேண்டும். அன்று மாலை பெண்கள் கழிப்பறையில், பைப்பைத் திறக்காமலே அழுதேன்.

அந்த இரண்டு நாளும் கழிந்ததும் கருவியை எடுத்துவிட்டார்கள். அடுத்த காதில் வைக்கலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. புண் ஆறவும், ஃபைல் மேஜை மேஜையாக நகரவும் காப்பீட்டுக்கான வயது தாண்டிவிட்டது. ஜெனியின் குரலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. "ஆமே" கடைசியாக எந்த நாளில் வந்தது என்று தெரியாது. நோட்டு எழுதுவதை அதற்குள் விட்டிருந்தேன்.

இப்போது அவளுக்கு ஏழு வயது. சைகையில் பாடம் நடத்துகிற பள்ளியில் படிக்கிறாள். கெட்டிக்காரி, சண்டைக்காரி. நானும் கற்றுக்கொண்டேன், தட்டுத்தடுமாறி. என் விரல்களைப் பார்த்து அவள் வகுப்பே சிரிக்கும். அங்கே ஒவ்வொரு ஆளுக்கும் பிள்ளைகளே ஒரு சைகைப் பெயர் வைத்துவிடுவார்கள், அந்த ஆளிடம் கண்ணில் படுகிற ஒன்றை வைத்து. ஜெனிக்கு அப்பா என்றால் மீசையை முறுக்குவது. மைனி என்றால் தூக்குவாளியைத் தூக்கிக் காட்டுவது. அம்மா என்பதற்குப் பள்ளியில் ஒரு சைகை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மற்ற பிள்ளைகளின் அம்மாவுக்கெல்லாம் அவள் அதைத்தான் காட்டுகிறாள். எனக்கு மட்டும் அவள் சொந்தமாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அவளுடைய டீச்சர்தான் அதைக் கவனித்து, ஏன் என்று என்னிடம் கேட்டார்.

மாதம் ஒருமுறை டெய்சி மேடத்தின் வகுப்புக்குப் போகிறேன். புதிதாக வந்த அம்மாமாருக்கு நோட்டை வாசித்துக் காட்டுவதுதான் என் வேலை. போன மாதம் பள்ளி விடுமுறை, ஜெனியையும் கூட்டிப்போனேன். தோவாளையில் இருந்து வந்திருந்த ஒரு பெண், மடியில் கைக்குழந்தையோடு, ஜெனியைப் பார்த்துச் சிரித்தாள். என்னைச் சுட்டிக் காட்டி, இது யாரு என்று கையாலேயே கேட்டாள். ஜெனி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, உள்ளங்கையால் தன் வாயை மூடிக்கொண்டாள்.

"பாருங்க, பிள்ளைக்கு வெக்கம்" என்றாள் அந்தப் பெண்.

வெட்கமில்லை என்று சொன்னேன். அது என் பெயர்.